நிறைந்தபடியே திரும்பி வந்த தண்ணீர் பாட்டில்

ஜூன் மாதத்து மதுரை வெயிலில், காலை ஒன்பது மணிக்கு மழலையர் பள்ளிக்குக் கிளம்பும் மகளிடம் நான் நிரப்பிக் கொடுத்தனுப்பிய அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், பகல் ஒரு மணிக்கு ஏறக்குறைய அதே கனத்தோடு வீடு திரும்பியது. முதல் நாள் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது இடம், புது முகங்கள், அழுகையில் தண்ணீர் குடிக்க மறந்திருப்பாள் என்று எண்ணினேன். இரண்டாவது வாரமும் அப்படியே வந்தபோது, "ஏன் பாப்பா தண்ணி குடிக்கல?" என்று கேட்டேன். "தாகமே எடுக்கலம்மா" என்றாள். அப்போது அவளுக்கு மூன்று வயது இரண்டு மாதம். அந்தப் பதிலை நான் நம்பினேன். என் மாமியார் நம்பவில்லை. வேனிலிருந்து இறங்கியதும் ஷூவைக்கூடக் கழற்றாமல் கழிவறைக்கு ஓடும் பேத்தியை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். "ரொம்ப நேரம் அடக்கி வச்சிருக்காம்மா புள்ள. எனக்கு என்னமோ சரியாப் படல" என்று அவர் சொன்னபோது, "போகப் போகப் பழகிடும் அத்தை" என்று பதில் சொல்லிவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அடுத்த மூன்று மாதங்களில் நடந்தவற்றை, முதல் முறையாகக் குழந்தையை மழலையர் பள்ளிக்கு அனுப்பப்போகும் பெற்றோருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். பள்ளியின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை.

நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். ஏப்ரல் மாதத்தில் நான்கு பள்ளிகளைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு பெரிய மாடி வீட்டைப் பள்ளியாக மாற்றியிருந்தார்கள். குளிரூட்டப்பட்ட வரவேற்பறையில் மரியா மாண்டிசோரியின் பெரிய படம் மாட்டியிருந்தது. எங்களை ஓர் அறைக்கு அழைத்துச் சென்று, பத்து இளஞ்சிவப்புக் கனசதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோபுரத்தையும், எழுத்து வடிவில் உப்புத்தாள் ஒட்டிய பலகைகளையும், மணிகள் கோத்த கம்பிகளையும் காட்டினார்கள். ஒரு வகுப்பில் இருபது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்றார்கள். ஆண்டுக் கட்டணம் 52,000 ரூபாய். அதில் 30,000 ரூபாயைச் சேர்க்கையின்போதே செலுத்தினோம். விண்ணப்பத்தில் 'உங்கள் எதிர்பார்ப்பு என்ன' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் கையாலேயே 'ஆங்கிலத்தில் தயக்கமின்றிப் பேச வேண்டும்' என்று எழுதினேன். பின்னர் நடந்தவற்றுக்கு அந்த ஒரு வரியும் காரணம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்று நாங்கள் பார்க்கத் தவறியவை இரண்டு. கழிவறையைக் காட்டும்படி கேட்கவில்லை. விடுமுறைக் காலத்தில் போனதால், அந்த அறையில் ஒரு குழந்தைகூட இல்லை என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரத்தின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் அவர் தமது முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் சில ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவருடைய முறையில் வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒரே அறையில் இருப்பார்கள். தமக்குப் பிடித்த பொருளைத் தாமே எடுத்து, வேண்டிய நேரம்வரை கையாண்டு, தாமே திரும்ப வைப்பார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் இடையூறு செய்யாமல் உடனிருந்து கவனிப்பார். 'மாண்டிசோரி' என்ற பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ள இந்த முறையைப் பின்பற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்பதை அறிந்தபோது திகைத்தேன். எங்கள் மகள் படித்த மூன்று மாதத்தில், சேர்க்கையின்போது எங்களுக்குக் காட்டிய அந்த அறைக்குள் எத்தனை முறை போனாள் என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். "அது தொடக் கூடாதும்மா, ஒடஞ்சிரும்" என்றாள். செப்டம்பரில் கடைசியாக அங்கே சென்றபோது அந்தக் கோபுரத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். விரலில் தூசி ஒட்டியது. உச்சியில் இருக்க வேண்டிய, ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள மிகச் சிறிய கனசதுரம் அதில் இல்லை.

அவளுடைய உண்மையான வகுப்பு மாடியில் நடந்தது. இரண்டாவது வாரத்திலிருந்தே வீட்டுப்பாடம் வந்தது: ஒரு பக்கம் முழுக்க 'ஸ்டாண்டிங் லைன்', மறு பக்கம் முழுக்க 'ஸ்லீப்பிங் லைன்'. ஜூலை மாதத்தில் நான்கு கோடு நோட்டில் ஆங்கிலப் பெரிய 'ஏ' (A) எழுதச் சொன்னார்கள். பள்ளியில் சேரும்வரை அத்தை வாசலில் கோலம் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து சாக்பீஸால் வட்டம் வட்டமாகக் கிறுக்கி, "இது பூ, இது அப்பத்தா, இது தோசை" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஆகஸ்டில் பென்சிலைப் பார்த்தாலே இரு கைகளையும் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். சாக்பீஸையும் தொடுவதில்லை. அவளுடைய நோட்டில் ஒரு பக்கத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 'ஏ' எழுத்தின் சாய்ந்த கோடுகள் அவளுக்கு வரவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நேர்க்கோடுகளும் குறுக்கே ஒன்றுமாக ஏணி போல எழுதியிருக்கிறாள். ஒவ்வோர் ஏணியின் மீதும் சிவப்பு மையில் அடித்து, கீழே 'டூ இட் அகெய்ன்' என்று எழுதியிருந்தது. மூன்றாவது வரிக்கு மேல் தாள் கிழியும் அளவுக்குப் பென்சில் அழுந்தியிருக்கிறது.

குழந்தைகள் நல மருத்துவரிடம் பின்னர் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். மூன்று வயதில் பார்த்து ஒரு வட்டம் வரைந்தால் போதும் என்றார். நான்கு வயதை ஒட்டிக் கூட்டல் குறியும், ஐந்து வயதை நெருங்கும்போது சதுரமும் வரும். சாய்கோடு சேர்ந்த முக்கோணம் ஏறத்தாழ ஐந்து வயதில்தான் கைகூடும். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன என்றும், ஒவ்வொன்றாகக் கெட்டிப்படப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றும் விளக்கினார். மண் பிசைவது, களிமண் உருட்டுவது, மணி கோப்பது, பட்டாணி உரிப்பது இவையெல்லாம்தான் அந்த வயதுக் கைக்கு எழுத்துப் பயிற்சி. இதைக் கேட்டபோது எனக்குக் கோபத்தைவிட வெட்கமே மிகுதியாக வந்தது. ஏனென்றால் இரவு எட்டரை மணிக்கு அவள் கையைப் பிடித்து அந்த 'ஏ'யை எழுதவைத்தவள் நான்தான்.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் மனநிறைவுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு நாளும் மாலையில் வாட்ஸ்ஆப் குழுவில் படங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு நாள் 'ரெட் டே', ஒரு நாள் 'யெல்லோ டே', ஒரு நாள் பழங்கள் தினம். கிருஷ்ண ஜெயந்திக்கு ராதை வேடம் போட்டு அனுப்பச் சொன்னார்கள். வாடகைக்கு உடை எடுத்து, விடியற்காலையில் எழுந்து அலங்கரித்து அனுப்பினோம். அன்று வந்த படத்தில் மேடையின் ஓரத்தில் அவள் நின்றிருந்தாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டி மகிழ்ந்தேன். இரண்டு வாரம் கழித்து, எல்லாம் தெரிந்தபிறகு, அந்தப் படத்தை மீண்டும் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்றக் குழந்தைகள் எல்லோரும் கைகளை உயர்த்தி நிற்க, இவள் மட்டும் ஒரு காலின் மீது மறு காலைப் பின்னி, பாவாடையை முன்பக்கம் இறுகப் பிடித்திருக்கிறாள். உதடு உள்ளே மடிந்திருக்கிறது. சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்கும் குழந்தை எப்படி நிற்கும் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் அன்று நான் பார்த்தது ராதையை மட்டும்தான்.

ஆகஸ்ட் இறுதியில் காய்ச்சல் வந்தது. சளி இல்லை, இருமல் இல்லை. 102 டிகிரி காய்ச்சல் மட்டும் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. கழிவறையில் உட்கார்ந்து "எரியுதும்மா" என்று அழுதாள். சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று உறுதியானது; நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் மிகக் குட்டையாக இருப்பதால் கிருமிகள் எளிதில் மேலேறிவிடும் என்றும், தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் நெடுநேரம் அடக்கிவைப்பதும் அதற்கு வழி திறந்துவிடும் என்றும் மருத்துவர் சொன்னார். பிறகு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்து, "ஸ்கூல்ல எப்ப ஒண்ணுக்குப் போவ பாப்பா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

விடை அத்தையிடமிருந்துதான் கிடைத்தது. காய்ச்சல் விட்ட மறுநாள், கூடத்தில் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து அவள் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு துணிப் பொம்மை எழுந்து நிற்கிறது. "இங்கிலீஷ்ல கேளு" என்கிறாள். பொம்மை பேசாமல் நிற்கிறது. "மே ஐ கோ சொல்லு. சொல்லத் தெரியலன்னா உக்காரு" என்று அதன் தலையை அழுத்தி உட்காரவைக்கிறாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தண்ணி குடிக்காத. குடிச்சா வரும்" என்று பொம்மையின் காதில் சொல்கிறாள். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். தாகமே எடுக்கவில்லை என்று என்னிடம் சொன்ன அந்தக் குழந்தை, அவமானத்தைத் தவிர்க்கத் தானே ஒரு வழியைக் கண்டுபிடித்து, மூன்று மாதமாக அதைக் கடைப்பிடித்து வந்திருக்கிறாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் பள்ளிக்குப் போனேன். மாடிப்படியின் கிரில் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. குழந்தைகள் இறங்கி ஓடிவிடக் கூடாது என்பதற்காகவாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீக்கு இரையான பிறகும், மூன்று வயதுக் குழந்தைகளை மாடியில் வைத்துப் பூட்டுவதற்கு ஒருவருக்கு மனம் வருகிறது என்பதை என் கண்ணால் பார்த்தேன். வகுப்பில் 31 குழந்தைகள் இருந்தார்கள். ஒரே ஒரு மிஸ். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. "மேடம், இன்னொரு மிஸ் ஜூலையிலயே நின்னுட்டாங்க. ரெண்டு செக்‌ஷனையும் நான்தான் பாக்குறேன். ஆயாம்மாவக் கீழ வேலைக்குக் கூப்பிட்டுக்கிறாங்க. ஒரு புள்ளையக் கூட்டிட்டுக் கீழ போனா மத்த முப்பது பேரையும் யாரு மேடம் பாக்குறது?" என்றார். கழிவறை கீழ்த்தளத்தில் மட்டும்தான் இருந்தது. பெரியவர்களுக்கான உயரத்தில் ஒரு மேற்கத்திய இருக்கை, குழந்தை ஏறி உட்காரப் படி இல்லை, தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது, சோப்பு இல்லை. ஆங்கிலத்தில் கேட்டால்தான் அனுப்ப வேண்டும் என்ற விதி, உண்மையில் எத்தனை பேர் கேட்பார்கள் என்பதைக் குறைத்துக்கொள்ள அந்த மிஸ்ஸுக்கு உதவியிருக்கிறது என்பது என் கணிப்பு. அவர்மீது எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் பெரும்பங்கு பொறுப்பு, இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, இருபது பேர் என்று எங்களிடம் சொன்ன நிர்வாகத்துடையது.

முதல்வரிடம் பேசியபோது அவர் மிக அமைதியாக என் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். "இங்கிலீஷ் பேச வைக்கணும்னு பேரன்ட்ஸ் நீங்கதானே கேக்குறீங்க?" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆங்கிலம் வேண்டும் என்று நான் எழுதியது, சிறுநீர் கழிக்க அதை நுழைவுச்சீட்டாக வைப்பார்கள் என்று எண்ணி அல்ல என்று மட்டும் சொன்னேன்.

மகளை அன்றே நிறுத்திவிட்டோம். செலுத்திய பணத்தில் ஒரு ரூபாயும் திரும்பவில்லை. எந்தக் காரணத்துக்காகவும் கட்டணம் திருப்பித் தரப்படாது என்ற வரியின் கீழ் நாங்கள் கையெழுத்திட்டிருந்தோம். சீருடைக்கும் புத்தகங்களுக்கும் வாங்கிய 8,500 ரூபாய்க்குப் பள்ளியின் பெயரே இல்லாத ஒரு துண்டுச் சீட்டுதான் கொடுத்திருந்தார்கள். மருத்துவ அறிக்கையின் நகலை இணைத்து முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கினேன். இன்னும் இரண்டு தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனுவும் கொடுத்தோம். ஒரு மாதத்துக்குள் மாடி வகுப்புக்கு இன்னோர் ஆசிரியையும் தனி ஆயாவும் வந்துவிட்டதாக அந்தத் தாய்மார்களில் ஒருவர் சொன்னார். தனியாகப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். குழந்தைக்கு அடியோ அதைவிட மோசமான தீங்கோ நேர்ந்தது தெரியவந்தால், பள்ளியோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிராமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

விதிகள் இல்லாமல் இல்லை. மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கெனத் தமிழக அரசு 2015இல் ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள், இருபது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் இருக்க வேண்டும் என்கின்றன. ஒரு நாளைக்கு மூன்று முதல் நான்கு மணி நேரமே பள்ளி நடத்தலாம், மூன்று வயது நிறைவடையாத குழந்தையைச் சேர்க்கக் கூடாது என்றும் கூறுகின்றன. அங்கீகார ஆணை, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றைப் பார்க்கக் கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்கும்போது முகம் மாறுகிற பள்ளியில் எதற்கு மேற்கொண்டு உட்கார வேண்டும்?

இரண்டாவது முறை பள்ளி தேடியபோது நான் முதலில் போய் நின்ற இடம் கழிவறை. இருக்கையின் உயரம், தண்ணீர், சோப்பு, தாழ்ப்பாள் எந்தப் பக்கம், யார் உடன் வருகிறார்கள் என்று பார்த்தேன். குழந்தைக்கு அவசரம் என்றால் எந்த மொழியில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியரிடமே கேட்டேன். வேலை நாளில், பள்ளி நடக்கும் நேரத்தில் வருகிறேன் என்று சொல்லி, வாசலில் அரை மணி நேரம் நின்று, உள்ளேயிருந்து வரும் சத்தத்தைக் கேட்டேன். முப்பது குழந்தைகள் இருக்கும் இடத்தில் சத்தமே இல்லாமல் இருந்தால், அதை ஒழுங்கு என்று எடுத்துக்கொள்ள எனக்கு இப்போது மனம் வருவதில்லை. வகுப்பு ஆசிரியர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்பதையும், இப்போது படிக்கும் குழந்தைகளின் நோட்டுகளையும் பார்க்கக் கேட்டேன். கட்டணத்தைப் பருவத்துக்கு ஒரு முறை, பள்ளியின் பெயரிட்ட ரசீதோடு மட்டுமே கட்டுவோம் என்றோம். ஒரு பள்ளி மறுத்தது, ஒன்று ஒப்புக்கொண்டது.

மாலையில் குழந்தையிடம் கேட்கும் கேள்வியையும் மாற்றிக்கொண்டோம். "இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டால், மனப்பாடமாக ஒரு பாட்டுத்தான் வரும். "யார் பக்கத்துல உக்காந்த? யார் அழுதா? யாரு உன்ன ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போனாங்க?" என்று கேட்டால், அன்றைய நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. சிறுநீரின் நிறத்தை அத்தை பார்த்துக்கொள்கிறார். தண்ணீர் பாட்டிலை நான் தூக்கிப் பார்க்கிறேன்.

இரண்டு பள்ளிகளுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்கள் அவள் எங்கள் தெருவிலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள அங்கன்வாடிக்குப் போனாள். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அத்தனை இருந்தும், முதல் முறை பள்ளி தேடியபோது அதில் ஒன்றை எட்டிப் பார்க்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. அங்கே குறைகள் உண்டு: மின்விசிறி அடிக்கடி நின்றுவிடும், ஊழியர் பல நாட்கள் பதிவேடுகளோடும் கைப்பேசிச் செயலியோடும் போராடிக்கொண்டிருப்பார். ஆனால் தரைத்தளம், திறந்த கதவு, தெரிந்த மொழி. முதல் நாள் இவள் வாசலில் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றபோது, அங்கிருந்த உதவியாளர் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "வா தாயி" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய், திரும்பி வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்தார். மூன்றாம் வாரம் பாட்டில் காலியாக வந்தது. அன்று அத்தை அதை என் முன்னால் கவிழ்த்துக் காட்டினார்.

இப்போது அவள் போகும் பள்ளியில் தமிழிலும் பேசலாம். பென்சில் இன்னும் தரவில்லை, களிமண்ணும் கிரேயானும்தான். சாக்பீஸை மறுபடி எடுத்துவிட்டாள். ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. எட்டு மாதம் கழிந்தும், எங்கள் வீட்டிலேயே, கழிவறைக் கதவருகே வந்து நின்று, உள்ளே போகாமல், யாராவது தன்னைப் பார்க்கும்வரை காத்திருக்கிறாள். "போயிட்டு வா தாயி, இதுக்கெல்லாம் கேக்க வேணாம்" என்று அத்தை சொன்னபிறகுதான் கதவைத் தள்ளுகிறாள்.